கணிப்பொறிக் குறிப்புகளின் கதை: தமிழ் தெரியாத திரையில் தமிழ் வந்த வரலாறு

ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு விசைகளைத் தட்டிவிட்டுக் கடைசியில் ஒரு அரைப்புள்ளி போட்டால் என்ன வரும்? பெரும்பாலான கணிப்பொறிகளில் பொருளே இல்லாத ஐந்து குறிகள்தான் வரும். 'பாமினி' என்ற எழுத்துரு நிறுவப்பட்டு, அதையே தேர்வு செய்தும் வைத்திருந்தால் அதே ஐந்து தட்டல்களில் 'தமிழ்' என்று வரும். அந்தக் கோப்பை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவில் உள்ள கடைக்குப் போய்த் திறந்தால், மறுபடியும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி!

1990களிலும் 2000களின் முதல் பாதியிலும் தமிழில் கணிப்பொறியைத் தொட்ட எல்லோரும் இந்த அனுபவத்தைக் கடந்துதான் வந்தார்கள். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவரானாலும் சரி, டொராண்டோவில் இருந்து மின்னஞ்சல் அனுப்பியவரானாலும் சரி, யாராவது ஒருவர் "இந்த ஃபாண்ட்டைப் போடு, இதை க்ளிக் பண்ணு" என்று சொல்லித் தர வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லித் தந்த சின்னச் சின்னக் குறிப்புகளின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர் டிப்ஸ்' என்றால் அது வேகத்துக்காக. வெட்டி ஒட்டும் வேலையை 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+வி தெரியாவிட்டாலும் ஒருவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிவிடலாம், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். தமிழில் நிலைமை வேறு. குறிப்பு தெரியாவிட்டால் கடிதமே இல்லை. எழுதவும் முடியாது, வந்த கடிதத்தைப் படிக்கவும் முடியாது. ஆகவே தமிழில் 'பயனுள்ள கணிப்பொறிக் குறிப்புகள்' என்ற எழுத்து வகை இத்தனை வளர்ந்ததில் வியப்பில்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது? கணிப்பொறிக்கும் முன்னால், தட்டச்சுப் பொறியில். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர்.முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப்படுகிறார். தமிழில் 247 எழுத்துக்கள். ஒரு பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். எனவே எழுத்துக்களை உடைத்து, கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி என்று வைத்தார்கள். புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது. புள்ளி விழுந்த இடத்திலேயே அடுத்து மெய்யெழுத்து விழும். 'கெ' அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையிலேயே கையும் போனது. தமிழ்நாட்டில் லோயர், ஹையர் என்று தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களுக்கெல்லாம் இது விரலிலேயே பதிந்துவிட்டது.

கணிப்பொறி வந்தபோது இந்த விரல்களை மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கனடாவில் இருந்த கி.சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு', சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு, சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமியின் 'கணியன்' என்று ஒவ்வொருவரும் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இவர்களில் பலர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே இதையும் செய்தவர்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். கல்யாணசுந்தரம் வேதியியல் அறிஞர். கோவிந்தசாமி ஆசிரியர், எழுத்தாளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத் தளம் தொடங்கப்பட்டபோது அதில் தமிழ்க் கவிதையும் ஏறியது கோவிந்தசாமியின் முயற்சியால்தான். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாட்களில் அதுவும் ஒன்று. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கியதே அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதிதான்.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்ததில் ஒரு சங்கடம் இருந்தது. அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 அறைகள். முதல் 128 அறைகளில் ஆங்கிலம் குடியிருந்தது. மீதி அறைகளில் எந்தத் தமிழ் எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. சிலர் ஆங்கிலம் இருந்த அறைகளிலேயே தமிழை உட்கார வைத்தார்கள் (பாமினி அப்படித்தான்). ஒரு எழுத்துருவில் 'ம' இருந்த அறையில் இன்னொரு எழுத்துருவில் 'ளு' இருக்கும். நாளிதழ்த் தளத்துக்கு ஓர் எழுத்துரு, வார இதழ்த் தளத்துக்கு இன்னொன்று, ஈழச் செய்திக்கு வேறொன்று. ஒரு நாள் காலையில் நான்கு தளம் படிக்க நான்கு எழுத்துரு தரவிறக்க வேண்டும். அன்றைய தொலைபேசி வழி இணைப்பில் ஒரு எழுத்துரு இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்!

1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அடுத்து 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் 'தமிழிணையம் 99' நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 'டேம்', 'டேப்' என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும், 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. இதே காலத்தில் பாலா பிள்ளையின் தமிழ்.நெட் மடற்குழுவைச் சுற்றியிருந்தவர்கள் 'திஸ்கி' என்ற இன்னொரு முறையைக் கூடிப் பேசி உருவாக்கியிருந்தார்கள். ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த தரங்களே மூன்று! அரசு அலுவலகங்கள் ஒரு பக்கம், இணையத்தில் எழுதுபவர்கள் இன்னொரு பக்கம், டிடிபி கடைகள் எந்தப் பக்கமும் சேராமல் தங்கள் பழைய எழுத்துருவிலேயே இருந்துவிட்டன.

தமிழ்99 பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதில் உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் 'ம'வுக்குப் புள்ளியைக் கணிப்பொறியே வைத்துக்கொள்ளும். 'ந்த', 'ங்க', 'ம்ப' போன்றவற்றுக்கும் இதே கதைதான். ஷிஃப்ட் விசை அதிகம் தேவையில்லை. இத்தனை நல்ல அமைப்பு ஏன் பரவவில்லை என்பதற்கு விடை எளிது. அதைப் பழக ஒரு வாரமாவது வேண்டும். ஆங்கிலத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறைக்கு அரை மணி நேரம் போதும். அவசரத்தில் இருப்பவன் அரை மணி நேரத்தைத்தான் எடுப்பான்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே யுனிகோடு வந்தது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது 1991லேயே வந்துவிட்டது. அதில் தமிழுக்கு என்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, எந்த எழுத்துருவானாலும் 'க'வுக்கு ஒரே எண்தான். ஆனால் யுனிகோடு தமிழைக் காட்டும் திறன் விண்டோஸுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'லதா' எழுத்துருவுடன் வந்தது. அன்று பிரவுசிங் சென்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 98. அதாவது விடை இருந்தது, விடையைக் காட்டும் பெட்டிதான் இல்லை.

யுனிகோடு எண்களைக் காதுக்குக் கேட்கும் வரிசையில் சேமிக்கிறது. 'கெ' என்றால் முதலில் 'க', பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் தள்ளி வைக்கும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகும் இந்த வசதி பல கணிப்பொறிகளில் முடக்கியே கிடந்தது. அப்போது 'கெ' என்பது 'க' தனியாக, அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாகத் தெரியும். அந்தக் காலத்தில் தமிழ் வலைப்பூக்களின் ஓரத்தில் "தமிழ் சரியாகத் தெரியவில்லையா?" என்று ஒரு இணைப்பு இருக்கும், நினைவிருக்கிறதா? அதைச் சொடுக்கினால் வரும் குறிப்பு இதுதான்: கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போ, லாங்குவேஜஸ் என்பதைத் திற, காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் டிக் அடி, எக்ஸ்பி சிடியைப் போடு, மறுபடியும் இயக்கு.

'எக்ஸ்பி சிடியைப் போடு' என்ற வரியில்தான் பாதிப் பேர் நின்றுபோனார்கள். சிடி யாரிடம் இருக்கும்? கணிப்பொறியை விற்றவரிடம். பிரவுசிங் சென்டரில் என்றால் உரிமையாளரிடம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் கண்ட்ரோல் பேனலைத் திறந்தாலே முதலாளி எழுந்து வந்துவிடுவார். தமிழ் படிக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு மனிதரின் அனுமதி வேண்டும் என்ற நிலை அது. வீட்டில் கணிப்பொறி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இருந்த இடைவெளி இந்த ஒரு டிக் குறியில் தெரிந்தது.

இந்த இடைவெளியைக் கடக்க உதவியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன். அவருடைய 'பொங்குதமிழ்' செயலி ஒரு சாதாரண இணையப் பக்கம். பாமினியிலோ திஸ்கியிலோ இருப்பதை ஒரு கட்டத்தில் ஒட்டினால் இன்னொரு கட்டத்தில் யுனிகோடாக வரும். எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் சிடி கேட்க வேண்டாம். பிரவுசிங் சென்டர் தமிழனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை எனலாம்.

எழுதுவதற்கு 'எ-கலப்பை' வந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த முகுந்தராஜ் 'கீமேன்' என்ற மென்பொருளின் மேல் இதை அமைத்தார். ஒரு விசைச் சேர்க்கையைத் தட்டினால் தமிழ், மறுபடியும் தட்டினால் ஆங்கிலம். 'ழ' வேண்டுமானால் இசட், சொல்லின் நடுவில் 'ந' வேண்டுமானால் டபிள்யூ என்பது போன்ற குறிப்புகள் மின்னஞ்சல்களில் சுற்றின. பிறகு நியூ ஹொரைசன் மீடியா 'என்.எச்.எம். ரைட்டர்' என்பதை இலவசமாக வெளியிட்டது. அதில் சிறப்பு என்னவென்றால் ஒலிபெயர்ப்பு, தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி என எல்லா விரல்களுக்கும் இடம் இருந்தது. பழைய தட்டச்சுக்காரர் தன் விரலை மாற்றாமலே யுனிகோடுக்கு வர முடிந்தது. அரசாணைகளால் முடியாத சமாதானத்தை ஒரு சிறு மென்பொருள் செய்துவிட்டது!

2003இல் தமிழ் வலைப்பதிவுகளும் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். திரட்டிக்கு யுனிகோடு தேவை, எனவே எழுத வந்தவர்கள் யுனிகோடுக்கு மாறினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தன் பதிவு பட்டியலில் தெரிய வேண்டும் என்ற ஆசை போதுமானதாக இருந்தது. அந்த நாட்களில் பின்னூட்டங்களில் அடிக்கடி வந்த ஒரு புகார், "பத்தியை ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், ஃபயர்பாக்ஸில் எழுத்து உடைகிறது" என்பது. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸின் 3ஆம் பதிப்பு வந்ததும் அந்தக் குறிப்பு செத்துப்போனது.

கணிப்பொறிக் குறிப்புகளின் விதி இதுதான். எந்தக் குறிப்பும் நிரந்தரம் இல்லை. பொறி கற்றுக்கொண்டதும் குறிப்பு தேவையற்றுப் போகும். ஆனால் குறிப்பைச் சொன்னவர்கள் இல்லாவிட்டால் பொறி கற்றுக்கொள்ளும்வரை மக்கள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அச்சில் வந்த குறிப்புகளையும் மறக்கக் கூடாது. தினமலர் நாளிதழோடு திங்கள்தோறும் வந்த 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழ் சிற்றூர் நூலகங்களிலும் கிடைத்தது. சொந்தமாகக் கணிப்பொறி இல்லாமலே எக்செல் குறுக்கு விசைகளை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இதனால் உருவானது. வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு வாசல் டேலி. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்7 ஜர்னல் என்று மவுஸைத் தொடாமல் கணக்கு எழுதும் பழக்கம் அங்கே தொடங்கியது. இன்று வரும் டேலி பிரைமிலும் இந்த விசைகள் அப்படியே இருக்கின்றன. ஆக, சாகாத குறிப்பு சிலவும் உண்டு.

தப்பான குறிப்புகளும் இதே வழியில்தான் பரவின. 2002ஆம் ஆண்டில் உலகம் முழுக்க ஒரு மின்னஞ்சல் சுற்றியது. "உங்கள் கணிப்பொறியில் கரடி பொம்மை படத்தோடு ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள்." தேடினால் கரடி நிச்சயம் இருக்கும். ஏனென்றால் அது விண்டோஸோடு வந்த நல்ல கோப்பு! இங்கே வைரஸ் என்று ஒன்று இருந்தால் அது அந்த மின்னஞ்சல்தான், அதைப் பரப்பிய பொறி மனிதர்களின் நல்ல மனது. நம் ஊரின் அழியாத மூடநம்பிக்கை இன்னொன்று உண்டு. டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கு போட்டு 'ரெஃப்ரெஷ்' அடித்துக்கொண்டே இருந்தால் கணிப்பொறி வேகமாகும் என்பது. அது திரையில் உள்ள சின்னங்களை மறுபடி வரைகிறது, வேறொன்றும் செய்வதில்லை. கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது போல இன்றும் பல அலுவலகங்களில் நடக்கிறது.

உண்மையான வைரஸ் பென் டிரைவில் வந்தது. கோப்புறை போலவே சின்னம் வைத்துக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்று ஒரு நிரல் இருக்கும், திறந்தால் கதை முடிந்தது. பிரவுசிங் சென்டரிலும் பிரிண்ட் எடுக்கும் கடையிலும் இதைத் தொற்றிக்கொள்ளாத பென் டிரைவே கிடையாது. 'ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செருகு, தானாக இயங்காது' என்பது அப்போது உயிர் காத்த குறிப்பு. விண்டோஸ் 7இல் பென் டிரைவ் தானாக இயங்கும் வசதி நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அதை நிறுத்தும் புதுப்பிப்பு போய்ச் சேர்ந்தது.

இப்போது புதுக்கோட்டைக்கு வருவோம். ஒருவர் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித் தருவதில் இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். கல் குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒருத்தி கற்றால் இன்னொருத்திக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகரையே கலக்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் ஒரு விவரம் சுவையானது. பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள்.

தமிழர்கள் ஆங்கில விசைப்பலகையை எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இப்படித்தான். தமக்காகச் செய்யப்படாத வண்டி, ஆனால் ஓட்டத் தெரிந்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும்.

2010களில் இதே மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர்கள் பலர் தமிழில் தட்டச்சவும் வலைப்பூ தொடங்கவும் பயிற்சி முகாம்களில் கற்றார்கள். 'கணினித் தமிழ்ச் சங்கம்' என்ற அமைப்பு உருவானது. கவிஞர் நா.முத்துநிலவனும் நண்பர்களும் முன்னின்று 2015 அக்டோபர் 11ஆம் தேதி புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழாவை நடத்தினார்கள். சென்னையிலும் மதுரையிலும் முந்தைய ஆண்டுகளில் நடந்த சந்திப்புகளின் தொடர்ச்சி அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து போட்டிகள் வைத்தார்கள். வலைப்பதிவர்களின் கையேடு ஒன்றும் வெளியானது. பெருநகரம் இல்லாத, பெரிய மென்பொருள் நிறுவனம் எதுவும் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில் இது நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்தப் பயிற்சிகளுக்கு வந்த ஆசிரியர்களுக்கு எக்ஸ்பி சிடி தேவைப்படவில்லை. கண்ட்ரோல் பேனலுக்குப் போக யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது 'எதை எழுதுவது, எப்படிப் பிறர் படிக்கச் செய்வது' என்ற அடுத்த கட்டக் கேள்விகளை. ஒரு வகையில் காலம் தாழ்ந்த விழாவும்தான். அதற்குள் முகநூலும் வாட்ஸ்அப்பும் பதிவர்களைக் கொத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியிருந்தது. அதில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அரசுப் பள்ளி மாணவர் வீட்டுக்குக் கணிப்பொறி வந்ததும் பிரவுசிங் சென்டர் முதலாளியின் ஆட்சி முடிந்தது. இங்கே கடையின் முதலாளி என்பது ஒரு குறியீடுதான், அவரிடமும் கற்றவர்கள் நிறைய. அவர் சொல்லித் தந்த அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

கைபேசியின் கதை இன்னும் வேகமானது. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005லேயே கைபேசியில் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் சாதாரண நோக்கியாவிலும் தொடக்க கால ஆண்ட்ராய்டிலும் தமிழ்த் தளங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அப்போது வாய்வழியாகப் பரவிய மந்திரம் ஒன்று: ஓபரா மினியின் முகவரிக் கட்டத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடி, கீழே போ, 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு பிட்மேப் ஃபாண்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடு, சேமி. கட்டங்கள் மறைந்து தமிழ் வந்துவிடும். உண்மையில் அங்கே எழுத்து வரவில்லை. ஓபராவின் வழங்கி தமிழை ஒரு படமாக வரைந்து அனுப்பியது. அதனால் டேட்டா கூடுதலாகச் செலவாகும். தமிழ் படிக்கத் தமிழனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஒரு சின்ன வரி என்று வைத்துக்கொள்ளலாம்! 2013இல் ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வந்தது. ஆண்ட்ராய்டும் தமிழைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. மந்திரம் மறந்துபோனது.

இத்தனை குறிப்புகளும் செத்துவிட்டன என்றால் இந்தக் கதை இன்று எதற்கு? காரணம் உண்டு. குறிப்பு தேவைப்படாத காலம் வந்துவிட்டது, ஆனால் குறிப்பு தேவைப்பட்ட காலத்தில் எழுதியவை இன்னும் பூட்டியே கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010 ஜூன் 23ஆம் தேதி அரசாணையில் யுனிகோடை ஏற்றது. அதற்கு முன்பு அலுவலகங்கள் 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் எழுதிக் குவித்த கோப்புகள் கொஞ்சமல்ல. டிடிபி கடைகளில் தட்டச்சு செய்யப்பட்ட ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், ஆய்வேடுகள், சிறு பத்திரிகைகள் பழைய சிடிகளில் இருக்கின்றன. இவற்றில் 'திருமயம்' என்று தேடினால் கிடைக்காது. கணிப்பொறிக்கு அதில் திருமயம் இல்லை, பொருளற்ற ஆங்கிலக் குறிகள்தான் இருக்கின்றன.

இணையத்தில் இருந்தவற்றின் கதி இன்னும் மோசம். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அங்கே இருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' போன்ற குழுமங்கள் பேசி வளர்ந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15ஆம் தேதி முற்றாக மூடப்பட்டன. யாராவது தன் கணிப்பொறியில் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் இருந்த நூல்களை யுனிகோடுக்கும் மாற்றியதால் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றினாரா என்பதில் இருக்கிறது.

ஆகவே செத்துப்போகாத ஒரு குறிப்போடு முடிக்கலாம். வீட்டிலோ கல்லூரியிலோ ஒரு பழைய தமிழ்க் கோப்பு கிடைத்து அது ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தால் அழித்துவிட வேண்டாம். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேர்டில் திறந்து, எழுத்தைத் தேர்வு செய்து, மேலே எழுத்துருப் பெயர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எழுத்துரு இப்போது உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கோப்பில் தங்கியிருக்கும். பெயர் 'டிஎஸ்சி' என்று தொடங்கினால் திஸ்கி. 'டேப்', 'டேம்' என்று தொடங்கினால் 1999 அரசு முறை. பாமினி, வானவில் என்றால் அந்தந்தப் பெயரைச் சொல்லும் மாற்றியில் ஒட்டுங்கள். பெயரே தெரியாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் வரக்கூடிய இடத்தைத் தேடுங்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி அல்லது அதன் உறவுக்காரர்.

மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் காலும் 'ர'வும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் தட்டியவர் இடம் மாற்றித் தட்டியிருப்பார். 'கௌ' வரவேண்டிய இடத்தில் 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. 'கௌரவம்', 'பௌர்ணமி', 'மௌனம்' ஆகிய மூன்றையும் 'கெள', 'பெள', 'மெள' என்று தேடிப் பார்த்தாலே பாதித் தவறுகள் அகப்பட்டுவிடும். மீதிக்கு அந்தக் கோப்பை முதலில் தட்டச்சு செய்தவர் ஊரில் இருந்தால் அவரையே கேட்கலாம், எந்த விசையில் எதைத் தட்டினார் என்பது அவர் விரலுக்கு இன்னும் நினைவிருக்கும்.